ஐந்து நாற்பதுக்கு விழிக்கும் பெட்டி

ஜூன் 3, திங்கள்

இன்று முதல் அக்காவின் அறை எனக்கு. பத்தாம் வகுப்புக்குத் தனி மேசை வேண்டும் என்று அரித்து எடுத்து வாங்கிவிட்டேன். "அக்காவின் அறை" என்று இங்கே மட்டும்தான் எழுதலாம். வீட்டில் அது "துணி அறை". மாலையில் அம்மா கட்டிலில் உட்கார்ந்து துணி மடிக்கும் அறை.

ஒன்றரை வருடத்துக்கு முன் அக்கா வேலைக்காக வெளியூர் கிளம்பியபோது அப்பா சொன்னார்: "போனா போனதுதான். அப்புறம் இந்த வீட்டுக்கு ஃபோன்கூட வரக் கூடாது." அக்காவும் அப்பா பெண்தானே. ஃபோன் வரவே இல்லை.

மேசைக்கடியில் அவள் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டர். அலமாரி மேல் அதன் கேமரா. மானிட்டர் மட்டும் சித்தி வீட்டுக்குப் போய்விட்டது. எல்லா ஒயரும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில். அவள் போன இரண்டாம் நாள் அப்பா அந்த போர்டைச் சுவரிலிருந்து பிடுங்கினார். இரவு படிப்பதற்கு மேசை விளக்கு வேண்டுமே என்று இன்று நான் திரும்பச் செருகினேன்.

ஜூன் 4, செவ்வாய்

மாலை 5:40. அம்மா துணி மடிக்கிறாள், நான் கணக்குப் போடுகிறேன். மேசைக்கடியில் ஒரு "டிக்". பிறகு விசிறி சுற்றும் சத்தம்.

"நீ தொட்டியா?"

"இல்லம்மா. என் கால் ரெண்டும் மேலதான இருக்கு."

இருவரும் குனிந்து பார்த்தோம். பெட்டி தானாக ஓடிக்கொண்டிருந்தது. சரியாக ஆறு மணிக்குத் தானாகவே நின்றது.

ஜூன் 5, புதன்

மறுபடியும். 5:40.

ஜூன் 6, வியாழன்

நூலகத்திலிருந்து கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் புத்தகம் எடுத்தேன். பக்கம் 61: தானாக ஓடினால் முதலில் பட்டனைச் சந்தேகி. ஆனால் கெட்டுப்போன பட்டனுக்கு மணி பார்க்கத் தெரியுமா?

அம்மா: "ஊசியில நூல் கோக்கத் தெரியாது, இவ கம்ப்யூட்டரப் பிரிக்கப் போறாளாம்."

அப்பா செய்தித்தாளை இறக்காமலே: "ஞாயித்துக்கிழமைக்குள்ள அது அடங்கணும். இல்லேன்னா பழைய சாமான்காரன்கிட்ட தூக்கிப் போட்டுடுவேன்."

வீட்டில் அக்காவுடையது என்று மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். விடமாட்டேன்.

ஜூன் 8, சனி

ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பக்கத் தகட்டைத் திறந்தேன். உள்ளே ஒவ்வொரு ஒயரிலும் வெள்ளை நாடா, அதில் அக்காவின் கையெழுத்து. "விசிறி." "பட்டன்." பட்டனுடையதற்குக் கீழே பொடி எழுத்தில்: "எலி, கை வைக்காதே."

எலி நான்தான். சின்ன வயதில் அவள் நோட்டைக் கிழித்து மென்றதால் வந்த பெயர். நான் ஒருநாள் இதைத் திறப்பேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

புத்தகத்தில் இருந்தபடி RAM என்ற நினைவகப் பட்டையைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை ரப்பரால் தேய்த்து மாட்டினேன். பட்டன் ஒயரை மதர்போர்டிலிருந்து உருவினேன். சோதிக்க மின்சாரம் கொடுத்தபோது மணி 5:38.

5:40. "டிக்."

பட்டன் ஒயர் என் விரல்களுக்கு நடுவில் இருந்தது. என் கண்ணெதிரே விசிறி மெதுவாக ஒரு சுற்று, இன்னொரு சுற்று. அலமாரி மேல் கேமராவின் நீல விளக்கும் எரிந்தது. மின்சாரம் வந்தால் அது எரியும் போல.

அம்மா என்னைக் கட்டிலுக்கு இழுத்துக்கொண்டாள்.

ஜூன் 9, ஞாயிறு

கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். ஸ்க்ரூடிரைவரால் காது குடைந்துகொண்டே கேட்டார்.

"பேய்தான் பாப்பா. அஞ்சு நாப்பதுக்கு டீ குடிக்க வருது."

"அங்கிள், விளையாடாதீங்க."

"சரி, சரி. போர்டுல ஒரு ரூபா மாதிரி வட்டமா ஒரு பேட்டரி இருக்கும். கழட்டி அஞ்சு நிமிஷம் வச்சுட்டுப் போடு. அதுக்கு எல்லாமே மறந்துடும். எந்தப் பேயும் ஓடிப்போயிடும்."

செய்தேன். 5:40. 5:45. ஆறு. ஒன்றுமில்லை!

"பரவால்லையே!" என்றார் அப்பா. எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா மட்டும், "ஏதோ ஒரு துணை மாதிரி இருந்துது. இப்ப வெறிச்சுன்னு இருக்கு" என்றாள். பயந்தது இவள்தானே?

ஜூன் 10, திங்கள்

5:52க்கு வீட்டு ஃபோன் அடித்தது. அம்மா நாலு தரம் "ஹலோ" சொன்னாள். எதிரில் பேச்சில்லை. வைத்துவிட்டார்கள்.

ஜூன் 11, செவ்வாய்

மறுபடியும். 5:52. "ராங் நம்பர்" என்றாள் அம்மா. ஆனால் கட்டான பிறகும் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "மூச்சு மட்டும் கேக்குதுடி."

ஜூன் 12, புதன்

ஞாயிற்றுக்கிழமை இந்த வீட்டில் என்ன மாறியது? பேட்டரி. நான் எதை மறக்கடித்தேன்?

சித்தி வீட்டிலிருந்து மானிட்டரைத் தூக்கி வந்து பொருத்தி, பட்டன் ஒயரையும் திரும்ப மாட்டி, பட்டனை அழுத்தி ஓடவிட்டேன். ஆரம்ப அமைப்புத் திரையில் "தினமும் தானாக விழிக்கும் நேரம்" என்று ஒரு வரி. பக்கத்தில் காலி. அங்கே 5:40 இருந்திருக்க வேண்டும். நான்தான் அழித்திருக்கிறேன்.

உள்ளே, ஆறு மணிக்குத் தானாக அணைய ஒரு கட்டளை. கூடவே, தூரத்திலிருந்து கம்ப்யூட்டரைப் பார்க்க உதவும் ஒரு புரோகிராம். வீட்டு வைஃபை பாஸ்வேர்டு இன்னும் அக்கா வைத்ததே; பெட்டி விழித்ததும் தானாகவே இணைந்துவிடும். அந்தப் புரோகிராம் யார் எப்போது வந்தார்கள் என்று குறித்துவைக்கிறது. அக்கா போன மறுநாள், 5:41, கேமரா திறந்தது. அதன்பின் ஒன்றரை வருடம் ஒன்றும் இல்லை. பிறகு ஜூன் 4, 5:41, கேமரா திறந்தது. ஜூன் 5, 5:41. எட்டாம் தேதிவரை தினமும்.

ஜூன் 4 அன்று பெட்டி விழிக்கும் என்று செருகிய எனக்கே தெரியாது. ஆனாலும் ஒரே நிமிடத்தில் ஒருவர் வந்திருக்கிறார். அப்படியென்றால் இந்த ஒன்றரை வருடமும், தினமும் 5:41க்கு, அணைந்து கிடந்த பெட்டியைத் தட்டிப் பார்த்துக்கொண்டே —

கேமரா கட்டிலைப் பார்த்து இருக்கிறது. அம்மா உட்காரும் இடம்.

நீல விளக்கு மின்சாரத்துக்காக எரியவில்லை.

அக்காதானா? பாஸ்வேர்டு தெரிந்த வேறு யாரோவா? நான் அழுதபடி படித்ததை, அம்மா தலை விரித்துப் படுத்திருந்ததை யார் பார்த்தது?

ஜூன் 13, வியாழன்

5:40ஐத் திரும்ப அமைத்தேன். அம்மாவை மாடிக்குத் துணி எடுக்க அனுப்பினேன். நீல விளக்கு எரிந்ததும் அட்டையைத் தூக்கிக் காட்டினேன்: "உன் நோட்டில் நான் எத்தனை பக்கம் கிழித்தேன்? அத்தனை தடவை கேமராவை அணைத்து எரியவிடு."

விளக்கு அணைந்தது. எரிந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

பிறகு அசையவில்லை. எரிந்துகொண்டே இருந்தது. நாலு பக்கத்துக்குத்தான் அப்பாவிடம் அடி வாங்கினேன். நாலு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், உறவுக்காரர்களுக்கும் தெரியும். யார் நீ?

அணைந்தது. எரிந்தது.

ஐந்து. அந்த ஐந்தாவது பக்கத்தை அவள்தான் எனக்காக ஒளித்துவைத்தாள்.

ஜூன் 14, வெள்ளி

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று நினைத்தேன். தலை வாரிக்கொண்டு வந்து, "எங்க உக்காந்தா நல்லாத் தெரியும்?" என்றாள்.

மைக் இல்லாத கேமரா, அக்காவுக்குக் கேட்காது என்று சொன்னாலும் அம்மா விடவில்லை. "இளைச்சுட்டியாடி? நேரத்துக்குச் சாப்பிடுறியா?" என்று அலமாரியைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தாள். இந்தப் பக்கம் ஒரு நீலப் புள்ளி மட்டும். அம்மாவைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

திரும்பினால் வாசலில் அப்பா. எவ்வளவு நேரமாக நின்றார்? அலமாரியையே பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஜூன் 15, சனி

அப்பா அந்த அறைப் பக்கமே வரவில்லை. சுவரில் ஒயர் அப்படியே இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். இருக்கிறது.

ஜூன் 17, திங்கள்

காலையிலிருந்து மழை. மாலையே அறைக்குள் இருட்டு. எப்போதும் ஏழு மணிக்கு வரும் அப்பா ஐந்தரைக்கு வந்தார். நேராகத் துணி அறைக்கு வந்தார். ஒயரைத்தான் பிடுங்கப் போகிறார்.

"டிக்." விசிறி சுற்றியது. நீல விளக்கு எரிந்தது.

அப்பா சுவரில் கை வைத்தார். "இப்படி இருட்டா வச்சிருந்தா என்ன தெரியும்?" என்று சொல்லி டியூப் லைட்டைப் போட்டார். அம்மா கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அவர் உட்கார்ந்து, ஒரு சட்டையை எடுத்துக் கன்னாபின்னாவென்று மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். அந்தச் சின்ன வெளிச்சம் எங்கள் மூவரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆறு மணிக்குப் பெட்டி அணைந்தது.

ஆறு ஒன்றுக்கு ஃபோன் அடித்தது. அம்மா எழுந்திருக்கவில்லை. நானும். அப்பாதான் போனார். கூடத்தில் ரிசீவரை எடுக்கும் சத்தம்.

பிறகு, "பேசு" என்றார்.

"கட் பண்ணிடாத. பேசு."