காலி வண்டிக்குக் கனமான ஸ்பிரிங்

என் அன்புத் தம்பி பாலா,

உன் வண்டியில் நீ போட்டுவைத்த ஸ்பிரிங்கை நான் கழற்றினால் உனக்குக் கோபம் வருமா? எனக்குத் தெரியவில்லை. இறந்தவர்களுக்குக் கோபம் வரும் என்று நான் நம்பியவளில்லை. அது உனக்கே தெரியும். கருமாதி அன்று காக்கா வந்து சோற்றைத் தொட்டபோது எல்லோரும் உன் பெயரைச் சொல்லி அழுதார்கள். நான் மட்டும், பசித்த காக்கா என்று நினைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன். அப்படிப்பட்டவள்தான் இந்தச் சனிக்கிழமை மதியத்தில், அம்மா தூங்கும் நேரமாகப் பார்த்து, உன்னிடம் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அன்பு என்ற சொல்லை உன்னிடம் நேரில் சொன்னதாக நினைவில்லை. எழுதுவது சுலபமாக இருக்கிறது.

நீ போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. புஞ்சாக் ஆலாமில் இருந்த என் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அம்மாவோடு இருக்க வந்துவிட்டேன். வேலை அதே தொழிற்சாலையில்தான், அதே தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில். மழை பெய்தால் நம் வீட்டுக்கு வரும் செம்பனைத் தோட்டத்துச் சாலையில் என் சின்னக் காரின் வயிறு தரையில் உரசுகிறது. அதனால் உன் ஃபோர் வீல் வண்டியைத்தான் ஓட்டுகிறேன். இவ்வளவு உயரத்தில் எதற்கு ஒரு வண்டி, ஏணி வைத்தா ஏறுவது என்று உன்னைக் கிண்டல் செய்தவள் இப்போது தினமும் அதில் ஏறி இறங்குகிறேன்.

இனி சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

கருமாதி முடிந்த மறுநாள் அம்மா என்னைக் கூப்பிட்டு, உன் துணிமணியை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார். நம் வீடுகளில் வழக்கம்தானே. நான் துணியில் ஆரம்பித்தேன், துணியோடு நிற்கவில்லை. வண்டியின் பின்கதவைத் திறந்தேன். நீ அளவெடுத்துச் செய்து வாங்கிய அந்த இரும்புப் பெட்டி, அது நிறைய சாமான்கள், தண்ணீர் நிரப்பிவைக்கும் தாங்கி, இரண்டாவது ஸ்பேர் டயர், கப்பல் கயிறுபோல் தடித்த இழுவைக் கயிறுகள். உன் நண்பன் சிவாவை வரச்சொல்லி, எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகச் சொன்னேன். குப்பை என்றும் சொன்னேன்.

உன் நெஞ்சு அடிக்கடி படபடக்கிறது என்று நீயே ஒரு தீபாவளிக்குச் சொன்னாய். டாக்டரைப் பார் என்று நான் சொன்ன ஞாயிற்றுக்கிழமை எல்லாம் நீ இந்த வண்டியோடு ஏதாவது ஒரு தோட்டத்துச் சேற்றில் இருந்தாய். கடைசியில் அந்த நெஞ்சுதான் நின்றுபோனது. செத்தவனைத் திட்ட முடியாது. வண்டியை அடிக்க முடியாது. சாமான்களை இறக்கினேன்.

அதன் பிறகுதான் வண்டி மாறியது. நேரான சாலையிலேயே ஸ்டேரிங் பஞ்சு மாதிரி இருந்தது. வளைந்து முடித்த பிறகு தானாக நேருக்குத் திரும்பாது, நான்தான் திருப்ப வேண்டும். பள்ளத்தில் இறங்கி ஏறினால் பின்பக்கம் துள்ளும். வீட்டுக்கு முன்னால் இருக்கிறதே வாய்க்கால் மேடு, அதைத் தாண்டும்போதெல்லாம் பின்னாலிருந்து டொக் என்று ஒரு சத்தம், யாரோ சுத்தியலால் அடித்த மாதிரி.

நான் என்ன நினைத்திருப்பேன், சொல். நீ ஆசைக்கு மாற்றிக் கெடுத்துவைத்த வண்டி என்றுதான் நினைத்தேன். உன் நண்பர்களிடம் கேட்க மனம் வரவில்லை. புஞ்சாக் ஆலாமில் ஒரு டயர் கடைக்குக் கொண்டுபோனேன். வண்டியைத் தூக்கிவைத்து, அச்சைத் தாங்கும் கம்பிகளின் முனையில் இருக்கும் ரப்பர் புஷ்களை மாற்றினார்கள், சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே எல்லா போல்ட்டையும் முறுக்கிவிட்டார்கள். சக்கரம் தரையில் நின்று, வண்டியின் கனம் அதன்மேல் இறங்கிய பிறகுதான் முறுக்க வேண்டும், இல்லையென்றால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடக்கும் என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். துள்ளலை அடக்கும் அப்சார்பருக்குக் கீழே இருக்கும் குமிழை நானே திருகி, இருப்பதிலேயே இறுக்கமான நிலையில் வைத்தேன். இறுக்கினால் துள்ளாது என்று என் படிப்பு சொன்னது. இன்னும் மோசமாகத்தான் துள்ளியது.

தஞ்சோங் காராங் கிளினிக்கிலிருந்து திரும்பிய ஒரு நாள், மழை வருமுன் வீடு சேர வேண்டும் என்று கொஞ்சம் வேகமாக வந்தேன். அம்மா எப்போதும்போல் காலை நீட்டிக்கொண்டு பின்னிருக்கையில். வாய்க்கால் மேட்டில் பின்பக்கம் எழும்பி, அம்மாவைத் தூக்கிப் போட்டது. கத்தக்கூட இல்லை. இடுப்பைப் பிடித்தபடி இறங்கியவர் பல நாள் படுத்துக் கிடந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் இன்றைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறார்.

உன் வருஷத் திதிக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். ராசு மாமா, தன் அக்கா ஏன் இப்படி நடக்கிறார் என்று என்னிடம் கேட்டார். இலையில் பரிமாறிக்கொண்டே நான் சொன்னேன்: “பாலா வண்டியக் கெடுத்து வச்சிட்டுப் போயிட்டான் மாமா. அதான்.”

உன் படத்துக்கு முன்னால் வைத்துச் சொன்னேன். பந்தியில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. அம்மாவுக்கும் கேட்டது. அன்றிலிருந்து அம்மா உன் வண்டியில் ஏறவில்லை. கிளினிக்குக்குப் பக்கத்து வீட்டு மாலாவின் காரில் போய்வருகிறார். வலிக்குப் பயந்து என்று நான் வைத்துக்கொண்டேன்.

கோவிலுக்குப் போகக்கூடாத வருஷத் துடக்கு இப்போது முடிந்துவிட்டது. பழைய தோட்டத்து முனியாண்டி கோவிலில் நாளைக்குப் படையல். வருஷாவருஷம் நீ அம்மாவைக் கூட்டிப்போன இடம். மறுநடவுக்காகச் சாலையைக் கிளறிப் போட்டிருப்பதால் மாலாவின் கார் அங்கே போகாது. போனால் உன் வண்டி, இல்லையென்றால் அம்மாவுக்கு இந்த வருஷம் கோவில் இல்லை.

அன்னதானத்துக்கு அரிசி நம் பொறுப்பு என்று அம்மா வாக்குக் கொடுத்திருந்தார். நேற்று வேலைக்கு லீவு போட்டு செகிஞ்சான் போய் மூட்டைகளைப் பின்னால் அடுக்கிக்கொண்டு வந்தேன். தஞ்சோங் காராங் தாண்டியதுமே எனக்கு ஏதோ வித்தியாசமாகப் பட்டது. ஸ்டேரிங் கைக்கு அடங்கியிருந்தது. வாய்க்கால் மேட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். சத்தமே இல்லை.

நீ சிரிப்பாய். நான் நம்பவில்லை. வாசலில் மூட்டைகளை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு மேட்டுக்குத் திரும்பப் போனேன். டொக். மறுபடி ஏற்றிக்கொண்டு போனேன். அமைதி. டேப்பை எடுத்துவந்து சக்கரத்தின் நடுவிலிருந்து மேல்வளைவு வரை இரண்டு விதமாகவும் அளந்தேன். காலியாக இருக்கும்போது பின்பக்கம் நாலு விரற்கடை தூக்கிக்கொண்டு நின்றது. வேலியோரம் நின்று இதையெல்லாம் பார்த்த மாலா கேட்டாள்: “என்னாக்கா, அரிசிய காத்து வாங்கக் கூட்டிட்டுப் போறீங்களா?”

பின்பக்கம் தூக்கினால் முன்பக்கம் குனியும். முன் அச்சின் சாய்வு குறைந்து ஸ்டேரிங் இலேசாகும். அப்சார்பர் ஏற்கெனவே நீண்டு நிற்பதால் ஒரு சின்னப் பள்ளத்திலேயே அதன் கோடிக்குப் போய் இடிக்கும். அதுதான் அந்த டொக். புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாலைநேரம் போதுமாக இருந்தது. ஒரு வருஷம் ஏன் முயலவில்லை என்பதுதான் புரியவில்லை.

இன்று காலை ஈஜோக்கில் சிவாவின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். நான் சொல்லி முடிக்கும்வரை கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

“ஆமாக்கா. அவன் அந்தப் பொட்டி, தண்ணி தாங்கி எல்லாம் எப்பவும் வண்டியிலயே இருக்கும்னு சொல்லித்தான் கனமான ஸ்பிரிங் எடுத்தான். ரெண்டு பேரும் சேந்துதான் போட்டோம்.”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, சிவா.”

“எப்படிக்கா சொல்றது? சாமான எறக்கறப்ப உங்க மூஞ்சியப் பாத்தேன். இன்னும் கொஞ்ச நேரம் நின்னா என்னயும் தூக்கிப் போட்டுருவீங்க போல இருந்துச்சி லா.”

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பெட்டியைத் திருப்பித் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். நான் சேற்றுக்குப் போகிறவளில்லை. ஒரு கிழவியும் அவளுடைய மகளும் கிளினிக்குக்குப் போக, ஸ்பிரிங்கைத் திருப்திப்படுத்தவென்று இரும்பைச் சுமப்பதில் அர்த்தமில்லை. புதன்கிழமை இலேசான ஸ்பிரிங் போட்டு, புஷ்களைத் தளர்த்தி, வண்டியைத் தரையில் நிறுத்தி முறுக்கித் தருவதாகச் சொன்னான். குமிழை அங்கேயே பழைய நிலைக்குத் திருகிக் கொடுத்தான். நாளைக்கு அரிசி மூட்டைகள் போதும்.

ஆக, நீ கணக்கில் தவறவில்லை. உன் கணக்கில் இருந்ததை நான் எடுத்துவிட்டு, விடை தப்பு என்று உன் பெயரில் எழுதினேன். அம்மாவின் இடுப்பு வலியையும் உன் பெயரில் எழுதினேன். ஸ்பிரிங்கை மாற்றிவிட்டால், நீ சரியாகச் செய்திருந்தாய் என்பதற்கு வண்டியில் சாட்சியே இருக்காது. அதனால்தான் கோபம் வருமா என்று கேட்டேன்.

ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். நாளைக் காலை, அம்மா வண்டிப் படியில் கால் வைக்குமுன் சொல்லிவிடுவேன். கோவிலில் மாமாவிடமும் சொல்வேன்.

ஞாயிறு மாலை

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

அம்மா பூக்கூடையோடு வாசலில் வந்து நின்றார். வண்டியைப் பார்த்தார், ஏறவில்லை. நான் சொன்னேன், வண்டியைக் கெடுத்தது நீயில்லை, பின்னால் இருந்த பாரத்தை இறக்கிய நான் என்று.

“எறக்கச் சொன்னது நாந்தானே,” என்றார் அம்மா.

“இல்லம்மா. நீங்க துணிமணியத்தான் சொன்னீங்க. மத்தத நானா எறக்கினேன். கோவத்துல.”

“அவன் மேல ஒனக்கு என்னாடி கோவம்?”

“போயிட்டானேன்னுதான்.”

அம்மா கூடையிலிருந்த பூவைச் சரிசெய்தார். “எனக்கும்தான்,” என்றார். பிறகு கூடையை என்னிடம் கொடுத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்து ஏறினார். கிளறிப்போட்ட சாலையில் வண்டி ஒருமுறைகூட அவரைத் தூக்கிப் போடவில்லை.

கோவிலில் நான் மாமாவிடம் சொல்லவில்லை. மூட்டை இறக்கும்போது சொல்ல நினைத்தேன், பந்தியில் நினைத்தேன், அவர் எதிரில் வந்து நின்று தண்ணீர் கேட்டபோதும் நினைத்தேன். தண்ணீரைக் கொடுத்தேன்.

புறப்படும்போது, மாமாவும் அத்தையும் பிள்ளைகளும் வந்த லோரி பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு முன்னமே போய்விட்டிருந்தது. அவர்கள் நடக்கத் தயாரானார்கள். அம்மா வண்டிக்குள்ளிருந்து கூப்பிட்டார்: “எல்லாரும் ஏறுங்க. இது பாரத்துக்குன்னு எம் மவன் செஞ்ச வண்டி. காலியா போனாத்தான் துள்ளும்.”

“பாலா கெடுத்து வச்சிட்டான்னு இவ சொன்னாளே?” என்றார் மாமா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “பாலா இல்ல மாமா. நான்தான்,” என்றேன். அவ்வளவுதான் வந்தது. மாமா என்னையும் காலியான பின்பக்கத்தையும் மாறிமாறிப் பார்த்தார். “அப்ப நாங்க அரிசி மூட்டைக்குப் பதிலா?” என்று கேட்டபடி ஏறினார். அத்தை அவர் வயிற்றைக் காட்டி, இவர் ஒருவரே போதும் என்றார்.

அவர்களைச் சாலை முனையில் இறக்கிவிட்ட பிறகு வண்டியில் அம்மாவும் நானும் மட்டும். வாய்க்கால் மேட்டில் எவ்வளவு மெதுவாக ஏறியும் டொக் என்றது. அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

“புதன்கெழம மாத்திருவல்ல?” என்றார்.

“மாத்திருவேம்மா,” என்றேன்.

உன் அக்கா,
வாசுகி