கண் சிவக்காத முயல்கள்

7-4-2014
இன்றும் ஃபாக்டரி திறக்கவில்லை. பச்சைத் தேயிலை விலை விழுந்ததிலிருந்து எஸ்டேட்டில் அப்பாவுக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் வேலை. மற்ற நாட்களில் முயல்தான் சோறு போடுகிறது. எல்லாம் வெள்ளை முயல்கள். தினமும் அவற்றின் கண்ணைப் பார்ப்பது என் வேலை. கண்ணோரம் சிவந்து நீர் வடிந்தால், முயல் வாங்க வரும் ஏஜெண்ட் வெள்ளியங்கிரி எடுக்கமாட்டார். "கீழ ஏதோ லேபுக்குப் போகுது, மருந்து கண்டுபிடிக்க" என்கிறார் அப்பா.

11-4
பொய்.

ஏஜெண்டே சிரித்துக்கொண்டு சொன்னார். "மருந்தா? ஷாம்பு, பாப்பா. மொயலு கண்ணுல ஊத்திப் பாப்பாங்க. கண்ணு வெந்துச்சுன்னா உங்கம்மா தலைக்கு ஆகாதுன்னு அர்த்தம்." அம்மாவும் சிரித்தாள். அப்பா என்னைப் பார்க்கவில்லை.

தலை மட்டும் வெளியே நீட்டும்படி பெட்டிக்குள் மாட்டிவைப்பார்களாம். கண்ணைத் தேய்க்கவே முடியாது. முயல் கத்துமா? நான் கேட்டதே இல்லை.

18-4
செய்துவிட்டேன். நாளைக்கு ஏஜெண்ட் வருகிறார். இருப்பதிலேயே சின்ன முயலின் கண்ணில் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டேன். திமிறியது. இறுக்கிப் பிடித்தேன் – அந்தப் பெட்டி மாதிரி. காப்பாத்தத்தானே செஞ்சேன்? அவங்க செய்யறதையேதானே செஞ்சேன்?

கத்தியது. இப்போது தெரியும்.

அம்மா புரண்டு படுக்கிறாள். நிறுத்துகிறேன்.

19-4
ஏஜெண்ட் அதை மட்டும் தள்ளிவிட்டார். சந்தோஷமாகப் புல்லறுக்கப் போனேன். திரும்பி வந்தால் வீடெல்லாம் மசாலா வாசனை.

"நோவு வந்த மொயலு. வெச்சிருந்தா தாய் மொயலுக்கும் ஒட்டிக்கும்" என்றார் அப்பா.

"ஏம்புள்ள, கறி கண்டு எத்தன மாசமாச்சு, மூஞ்சியத் தூக்கிட்டு உக்காந்திருக்கற?" என்றாள் அம்மா.

தின்றேன். தின்னாவிட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

20-4
எழுத எதுவும் இல்லை.

27-5
மஞ்சூர் டீக்கடையில் பேப்பர் பார்த்தேன். முகத்துக்கும் தலைக்கும் பூசுகிற சாமான்களை இனி மிருகங்கள்மேல் சோதிக்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது! இரண்டு முறை படித்தேன். தாய் முயல் போட்ட குட்டிகள் இப்போதுதான் கண் திறந்து கூண்டெல்லாம் ஓடுகின்றன. இவற்றுக்கு ஒன்றும் ஆகாது. ஆகாதுதானே?

அப்பாவிடம் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது.

3-6
ஏஜெண்ட் வந்தார். லேபில் இனி வாங்கமாட்டார்களாம்.

"ஏனுங்க, இத்தனையும் வெச்சுட்டு நான் என்னங்க பண்றது?" என்றார் அப்பா.

"சோதிக்கக் கூடாதுன்னுதானுங்க சட்டம். திங்கக் கூடாதுன்னா போட்டிருக்குது? மசினகுடி ரிசார்ட்டுல கேக்கறாங்க. கண்ணு சிவந்திருந்தாலும் பரவால்லீங்க, எடை வேணும்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அப்பா சரியென்று தலையாட்டினார். வேறு என்ன செய்வார்?

6-6
புல்லை இரண்டு மடங்காகப் போடச் சொன்னார் அப்பா. போட்டேன். மற்றவர்கள் போனால் குட்டிகள் மூலைக்கு ஓடிவிடுகின்றன. நான் போட்டால்தான் பயப்படாமல் தின்கின்றன.