மொய்ப் பணத்தில் பாயிண்ட்

ஆடி 19, ஞாயிறு

வெயில் மண்டையைப் பிளந்தது. ஆலங்குடியில் அண்ணன் வைத்த மொய் விருந்து. கறிச்சோறு. நல்ல கூட்டம். தோட்டத்தில் போர் போட இந்த மொய்யைத்தான் நம்பியிருக்கிறார்.

பந்தல் வாசலில் என் வீட்டுக்காரர், அண்ணனுடைய உரக்கடை ஸ்வைப் மெஷினோடு. "ரொக்கத்தை எங்கிட்ட குடுங்க. நான் என் கார்டுல தேச்சு விட்டுர்றேன். மச்சானுக்கு நேரா பேங்க்ல ஏறிடும்." பாதிப் பேர் கொடுத்தார்கள். அண்ணனுக்கு நோட்டு எண்ணுகிற வேலை மிச்சம். இவருக்குக் கிரெடிட் கார்டு பாயிண்ட்.

ஆடி 21, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் புக் பண்ணியாச்சு. அண்ணன் போன்.

"பாப்பா, மொய் நோட்டுக்கும் பேங்க்குக்கும் எட்டாயிரம் இடிக்குது. நான்தான் எங்கிட்டோ தப்பா எழுதிட்டேன் போல."

இவரிடம் கேட்டேன். கிரெடிட் கார்டு தேய்த்தால் கடைக்காரர் கணக்கில் நூற்றுக்கு இரண்டு பிடித்துக்கொள்வார்களாம். முன்னாடியே தெரியுமா? தெரியுமாம்.

"பேங்க்காரன் குடுக்குற பாயிண்ட்டுடி. நான் யாரு வயித்துல அடிச்சேன்?"

என் அண்ணன் வயிற்றில். கைக்கு வராத பணத்தையும் அவர்தான் திருப்பிச் செய்யணும், மேலே கூட்டி. குறைந்தால் ஊர் காறித் துப்பும். சொன்னேன். "ரூல்படிதான் செஞ்சேன்" என்கிறார். பற்றி எரிகிறது. ராத்திரி உப்புமா. எனக்கு இறங்கவில்லை.

ஆடி 23, வியாழன்

எட்டாயிரத்தைக் கொடுத்துவிடுங்கள் என்றேன். அதைவிட நல்லதாகச் செய்கிறாராம். பாயிண்ட்டில் ஒரு மிக்ஸி, ஆலங்குடி விலாசத்துக்கே. "கையில இருந்து பைசா செலவில்ல" என்று சிரிப்பு வேறு.

கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பார்கள். இவர் கடைக்காரருக்கே உடைக்கிறார். வெட்கங்கெட்ட மனுஷன். அண்ணனிடம் நேரில் சொல்லிவிட வேண்டியதுதான்.

ஆவணி 2, ஞாயிறு

லேசான தூறல். ஆலங்குடி பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசனை.

மிக்ஸி நடுவீட்டில், அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காமல். தண்ணீர் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரியிடம் அண்ணன், "எங்க மாப்ள அனுப்புனது. சொல்லாமக் கொள்ளாம செஞ்சிருக்காரு."

அவள் போனதும் ஆரம்பித்தேன். "அண்ணே, அந்த எட்டாயிரம்..."

"அத விடு பாப்பா. போனாப் போகுது. மாப்ள மனசு யாருக்கு வரும்? மிக்ஸியையும் மொய் நோட்டுல ஏத்திட்டேன். ஒங்க வீட்டு விசேஷத்துக்கு கூட்டியே செஞ்சுர்றேன்."