உன் அறையில் தங்கியவர்

பாசிர் கூடாங்
நவம்பர் 9

அன்பு மகள் அபிகெயிலுக்கு அம்மா எழுதுவது. டப்ளின் குளிரில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாயா? இங்கே ஆண்டவர் கிருபையில் மூன்று பேரும் சுகம் என்றுதான் தொடங்க வேண்டும், ஆனால் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. ஒரு வாரமாக எழுத உட்கார்ந்தால் இரண்டு வரிக்கு மேல் போகவில்லை, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தம்பி எழுதுகிறான். ஒரு வார்த்தை கூட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். (கூட்டவில்லை அக்கா, கழிக்கவும் இல்லை. கணக்கில் நான் எப்படி என்று உனக்கே தெரியும். – டாரில்) போனில் சொல்லலாம் என்றால், நான் போனை எடுத்ததுமே உன் அப்பா பக்கத்தில் வந்து நின்று, தூரத்துல இருக்கிற பிள்ளைகிட்ட இதெல்லாம் எதுக்கு என்கிறார்.

உன் அறையைச் செயலியில் போட்டு வாடகைக்கு விடச் சொன்னது நீதான், சும்மா கிடக்கிற அறை சம்பாதிக்கட்டும் என்றாய். சம்பாதித்தது, இல்லை என்று சொல்லமாட்டேன், ஒழுகிய கூரையை மாற்றினோம், அப்பா ஓவர்டைம் போவதை நிறுத்தினார். ஆனால் வந்தவர்களுக்கு வேண்டியதெல்லாம் சாவியும் ஃபேனும் வைஃபையும்தான். தோசை சுட்டு எடுத்துப்போய்க் கதவைத் தட்டினால், இதற்கும் தனியாகக் காசா என்பதுபோல் பார்ப்பார்கள். (விருந்தாளிகள் இல்லை அக்கா, வாடகையாளிகள். – டாரில்) ஆகஸ்டில் ஒருவர் மூன்று நட்சத்திரம் மட்டும் போட்டு, கதவைத் தட்டித் தட்டித் தூங்கவிடவில்லை என்று எழுதிவிட்டார். என் தோசையால் வந்த வினை. அன்றைக்கே அப்பா சட்டம் போட்டார், ஆள் இருக்கும்போது அந்தக் கதவை யாரும் தொடக் கூடாது.

போன வியாழன் அல்ல, அதற்கு முந்தின வியாழன் சாஆ என்கிற ஊரிலிருந்து சுகுமாறன் என்று ஒருவர் வந்தார், முப்பத்தைந்து வயது இருக்கும், தொழிற்சாலையில் ஐந்து நாள் நைட் ஷிப்ட். சனிக்கிழமை காலை வேலை முடிந்து வந்தவர், நெஞ்சு கரிக்குது அக்கா, படுத்தா சரியாயிரும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சாயங்காலம் தொழிற்சாலை பஸ் தெரு முனையில் வந்து ஹாரன் அடித்தது, இரண்டு தரம், மூன்று தரம், பிறகு போய்விட்டது. அவருடைய பூட்ஸ் கதவருகிலேயே இருந்தது. நான் சீரகத் தண்ணீர் கொதிக்கவைத்து எடுத்துப்போய்க் கையைத் தூக்கினேன் அபி. அப்பா ஹாலிலிருந்து, தட்டாத லா பியாட்ரிஸ், அசந்து தூங்குறாரு, இன்னொரு மூணு விழுந்தா நம்ம வீட்ட எவன் பாப்பான் என்றார். நான் தம்ளரைத் திருப்பி எடுத்து வந்துவிட்டேன்.

மறுநாள் கல்லறைத் திருநாள். பூசை முடிந்து, உன் தாத்தா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றி, பக்கத்தில் ஆளில்லாத கல்லறைகளுக்கும் ஏற்றிவிட்டு வந்தோம். பூட்ஸ் அப்படியே இருந்தது. உள்ளே போன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. அதற்கப்புறம்தான் அப்பா மாற்றுச் சாவியை எடுத்தார்.

மாரடைப்பு, உயிர் போய் நேரமாகிவிட்டது என்றார் டாக்டர். சனிக்கிழமையே தட்டியிருந்தால் என்று கேட்டேன், அவர் ஃபாரத்தை நிரப்பினார். மனைவி வாசுகி வந்தாள், சின்னப் பெண். அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸு போயிருச்சுன்னு தெரிஞ்சும் நீங்க தட்டலையாக்கா என்று ஒன்றுதான் கேட்டாள். செவ்வாய்க்கிழமை அப்பா போனில் செயலியிலிருந்து செய்தி வந்தது, உங்கள் விருந்தாளி எப்படி நடந்துகொண்டார், நட்சத்திரம் கொடுங்கள் என்று. அப்பா அன்றைக்கே அறையைச் செயலியிலிருந்து எடுத்துவிட்டார். இப்போதும் சாப்பிடாமல் எழுந்து போகிறார்.

நீயும் அங்கே செயலியில் பிடித்த அறையில்தானே இருக்கிறாய். அந்த வீட்டுக்காரம்மா முகத்தை இரண்டு மாதமாகப் பார்க்கவில்லை, தொந்தரவே இல்லை என்று பெருமையாகச் சொன்னாய். எனக்கு அது பெருமையாக இல்லை கண்ணு. அவரிடம் போய்ச் சொல், உன் செருப்பு அசையாமல் இருந்தால் கதவைத் தட்டட்டும், திறக்காவிட்டால் உடைக்கட்டும். வெட்கப்படாதே. உன் கட்டிலுக்குப் புது மெத்தை வாங்கியாயிற்று, கிறிஸ்துமஸுக்கு வா. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. சொன்னதை மறக்காதே.

உன் அம்மா
பியாட்ரிஸ் ரபேல்

அக்கா, இது பின்பக்கம், அம்மா சொல்லாதது. ஆகஸ்டில் அந்த ஆள் தூங்கவிடாமல் தட்டினார்கள் என்று எழுதியது அம்மாவின் தோசையை இல்லை. நான்தான். தட்டிவிட்டு ஓடி சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன், ஒரே நாளில் ஏழு தடவை. மூன்று நட்சத்திரம் வந்ததும் அம்மா தன் தோசையைத் திட்டிக்கொண்டார், நான் சிரித்துக்கொண்டே சும்மா இருந்துவிட்டேன். இப்போதும் தோசையால் வந்த வினை என்று அவர் சொல்ல, என் கையாலேயே எழுதியிருக்கிறேன். கடிதத்தை ஒட்டச் சொல்லிவிட்டு அம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இதை ஒட்டிவிட்டு நான் போய்த் தட்டப் போகிறேன். இந்தத் தடவை ஓடமாட்டேன்.