சைகோனிலிருந்து வந்த கேள்வி

காரைக்கால்
12 ஆகஸ்ட் 1953

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மா சௌக்கியம். சென்னையில் உங்களுக்கு நடந்த பாராட்டு விழாவின் படத்தைப் பத்திரிகையில் பார்த்தோம். உங்கள் புதிய தொடர்கதையை மட்டும் அம்மாவிடம் இன்னும் காட்டவில்லை.

அதன் மூன்றாம் அத்தியாயத்தை என்னோடு வேலை பார்க்கும் கமர் நிஷா டீச்சர் பள்ளிக்கூடத்தில் உரக்கப் படித்தார். படகு திரும்பாத அன்று கிளிஞ்சல்மேட்டுக் கரையில் ஒரு மனைவி காத்து நிற்கும் பகுதி அது.

"உங்க அப்பாவைத் தவிர வேற யாரு இப்படி எழுத முடியும், சொல்லுங்க!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதை எழுதியது அண்ணன். நகல் எடுத்து உங்களிடம் கொடுத்தவள் நான். படித்துவிட்டு, "உனக்கு எழுத்து வராதுடா, உத்தியோகத்துக்குப் போ" என்று சொல்லித்தானே அவனைச் சைகோனுக்குக் கப்பலேற்றினீர்கள்? ஐந்து வருஷமாக அங்கே குமாஸ்தாவாக இருக்கிறான். கடிதத்தில்கூட இரண்டு வரிக்கு மேல் எழுதுவதில்லை.

பத்திரிகையில் வந்த அந்தப் பக்கங்களைக் கத்தரித்து அவனுக்கு அனுப்பினேன். கோபத்தில் வேலையை உதறிவிட்டு வந்துவிடுவான் என்று நினைத்தேன்.

நேற்று அவனிடமிருந்து பதில் வந்தது. "ஒரு வார்த்தைகூட அப்பா மாத்தலையே! அப்ப எனக்கு எழுத வரும்னு அவருக்கு அன்னைக்கே தெரியுமா? கேட்டுச் சொல்லு" என்று எழுதியிருக்கிறான்.

அவன் விலாசத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். இந்தப் பதிலையாவது நீங்களே எழுதுங்கள்.

உங்கள் மகள்