பதுவையில் வைத்த படம்

இல்ஃபோர்ட்,
19.06.2025

புனித அந்தோனியார் துணை

அன்புள்ள மகன் மேர்வினுக்கு,

அம்மா எழுதுவது. நீ சுகமாக இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு செபமாலையிலும் கேட்கிறேன். எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றுமில்லை, முழங்கால் மட்டும் படிகளில் முரண்டு பிடிக்கிறது. போனில் எடுத்தால் நான் அழுவேன், நீ வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். அப்பா இறந்தபோது நீ அனுப்பிய அனுதாப அட்டையின் உறையில் இந்த விலாசம் இருந்தது.

உனக்கு ஒரு விஷயத்தை ஒளித்துவிட்டேன். போன கிழமை இத்தாலியில் உன்னுடைய ஊரில் இரண்டு நாள் நின்றேன். அந்தோனியார் திருநாளுக்கு இங்கிருந்து தமிழ்ப் பங்கு ஆட்கள் முப்பது பேர் பதுவைக்குப் போனோம். கோவிலில் எனக்குப் பக்கத்தில் இருக்கும் டயனாவுக்கும் எனக்கும் ஒரே அறை. அவள் வாய் ஓயாமல் கதைப்பாள். அப்பா போன பிறகு இந்த வீட்டில் கேத்தில் கொதிக்கும் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்காத எனக்கு, அது பெரிய ஆறுதலாக இருந்தது.

அந்தோனியாரின் கல்லறைக் கல்லைத் தொட எவ்வளவு சனம் வரிசையில் நிற்கிறது என்று உனக்குத் தெரியும். நானும் கையை வைத்து அழுதேன். காணாமற் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அல்லவா? சின்ன வயதில் எடுத்த உன் புதுநன்மைப் படத்தைக் கொண்டுபோயிருந்தேன். ‘என் பிள்ளையைத் திருப்பித் தாரும்’ என்று பின்னால் எழுதி, மற்றப் படங்களோடு வைத்துவிட்டு வந்தேன்.

வெளியே வந்ததும் டயனா என் கையைப் பிடித்து, “எப்பயக்கா மகன் தவறினவர்?” என்று கேட்டாள். அங்கே வைத்திருந்த படங்களில் பாதி செத்தவர்களுடையவை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் மகன் உயிரோடு இருக்கிறான், இங்கிருந்து நாலு தெரு தள்ளித்தான் சமைக்கிறான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் பிறகு ஏன் பார்க்கப் போகவில்லை என்று கேட்பாளே. அவள் போய் உன் ஆன்மாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மன்னித்துக்கொள் ராசா.

பிறகு தண்ணீர் ஓடும் பெரிய வெளியில், கற்சிலைகளைச் சுற்றி நடந்தோம். பழைய மண்டபத்தின் கீழே உள்ள சந்தையில், தும்பு தும்பாகக் கிடந்த காய்ந்த இறைச்சியை டயனா மாட்டிறைச்சி என்று வாங்கப் போனாள். குதிரை என்றதும் சிலுவை போட்டுக்கொண்டாள். நீ அப்பாவுக்குப் புதினாக் கோப்பியைப் பற்றிச் சொன்னாய் அல்லவா, அதையும் குடித்தேன். கலக்காமல் குடிக்க வேண்டுமாம். நான் கரண்டியை விட்டுக் கலக்கியதைப் பார்த்து, கொண்டுவந்தவருடைய முகம் கறுத்துப் போனது. அப்பாவுக்கு அதை ஒரு தரமாவது குடிக்க ஆசை இருந்தது.

அடுத்த நாள் மத்தியானம் உறையைக் கையில் வைத்துக்கொண்டு, வழி கேட்டுக் கேட்டு உன் கடைக்கு வந்தேன். எதிரே வளைவுகளின் கீழே நின்றேன். கண்ணாடிக்குள் நீ இடியப்ப உரல் மாதிரி ஒரு பித்தளை உரலின் பிடியை இடக்கையால் சுற்றிக்கொண்டிருந்தாய். தடித்த நூடில்ஸ் இழை இழையாக இறங்கியது. எனக்குக் கை உளைந்த நாட்களில் இடியப்பம் பிழிந்து தருவாயே, அதே நிற்பு. முதுகு அப்படியே அப்பா.

அப்போது உன்னோடு வாழ்கிற எலிசா வெளியே வந்தாள். அவள் படம் உன் அட்டைக்குள் இருந்தபடியால் கண்டவுடன் தெரிந்தது. அவளுக்கு என்னைத் தெரியவில்லை. வெயிலில் வாடிப்போன ஒரு கிழவி என்று நினைத்திருப்பாள். கதிரையை இழுத்துப் போட்டு, சிரித்துக்கொண்டு ஏதோ கேட்டாள். சாப்பிட வரச் சொல்லியிருக்க வேண்டும். நான் “நோ, நோ” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். அப்பாவின் செத்தவீட்டுக்கு உன்னிடம், “தனிய வா, அவளைக் கூட்டிக்கொண்டு வராத” என்று சொன்னேன். கோவிலில் தாலி கட்டாதவளைச் சனத்துக்கு யாரென்று சொல்வது என்ற வெட்கம். நீ தனியவும் வரவில்லை. இப்போது அந்தப் பிள்ளைக்கு இரண்டாம் தரமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அதுவும் அந்தோனியார் இளைப்பாறுகிற ஊர்ப் பிள்ளைக்கு. விமானத்தில் முழுக்க அழுதுகொண்டு வந்தேன். டயனா உனக்காக என்று நினைத்து முதுகைத் தடவினாள். பிழையில்லை, உனக்காகத்தான்.

அம்மாவுக்கு ஒரு உதவி செய். அந்தப் படங்களை இடைக்கிடை எடுத்துவிடுவார்களாம். அதற்கு முன் போய் உன்னுடையதை எடு. உயிரோடு இருக்கிறவனின் படம் அங்கே கிடக்கக் கூடாது. கல்லறைக்கு இடது பக்கம், வெள்ளைச் சட்டையும் கையில் மெழுகுதிரியுமாக நிற்கிறாய்.

தனியப் போகாதே, மகன். எலிசாவையும் கூட்டிக்கொண்டு போ.

கர்த்தர் உங்கள் இரண்டு பேரையும் ஆசீர்வதிப்பாராக.

என்றும் அன்புடன்,
அம்மா
கத்தரின்