சுக்கான் சரிவில் நான் வெட்டிய ஆவாரை

செல்வி தாயி,

நீ எந்திரிக்கும்போது நான் இருக்க மாட்டேன். மொத பஸ்ஸுக்குப் போறேன். சாவி மீட்டர் பெட்டி மேல இருக்கு. உளுந்தங்கஞ்சி காய்ச்சி மூடி வச்சிருக்கேன். நேத்து நீ சாப்பிடவே இல்ல, அத மொதல்ல குடி.

நேத்து நீ வேலைக்குப் போன பொறவு, வீட்டுக்குப் பின்னாடி சரிவு பூராவும் களை மண்டிக் கெடக்குதேன்னு மண்வெட்டிய எடுத்தேன். ஒத்த ஆளா வழிச்செடுத்தேன். நீ பாத்துச் சந்தோசப்படுவன்னு வாசல்லயே ஒக்காந்திருந்தேன். நீ பாத்துட்டு, சாப்பிடாம நேராப் போயிப் படுத்துட்ட. ஏசியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

அம்புட்டும் நீ வெத போட்டு வளத்ததுன்னு பொறவு எம்மவன் சொல்லித்தான் தெரிஞ்சுது. ஆவாரை மஞ்சளா, விஷ்ணுகிராந்தி நீலமா, காட்டுல தானா மொளச்ச மாதிரி தெரியணும்னு நெனச்சியாமே. எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா? சொன்னா மட்டும் கேட்டிருப்பேனாக்கும்.

சுண்ணாம்பா வெளுத்த அந்தச் சுக்கான் மண்ணுல ரோசா நிக்காதுன்னு நீ சொன்னது சரிதான். நான் வந்த புதுசுல வச்ச நாலு கன்னும் எல பழுத்து நிக்கி. நான் சொல்லி வச்ச செம்மண் லோடு வந்தா திருப்பி அனுப்பிரு. மொத மழைக்கே வழிஞ்சு ஓடிரும்.

நம்ம ஊரு தேவதானத்துல, வயக்காட்டு வரப்புல ஆவாரங்காய் காஞ்சு கெடக்கும். நாப்பது வருசமா நான் வெட்டி எறிஞ்ச செடி. இன்னைக்கு அதுக்கு வெத பொறுக்கத்தான் போறேன்.

மாமா

வேலி ஓரமா ஒரு ஆவாரை வேரோட தப்பிச்சிருக்கு. நட்டு, ஈரச்சாக்கு போத்தியிருக்கேன். செத்த தண்ணி ஊத்து.

நான் வாரதுக்குள்ள அந்த மண்வெட்டிய எங்கயாவது ஒளிச்சு வச்சிரு.